ஆலப்புழையில் ஓர் அரப்புக் குளியல்

லீலா சேச்சி டீ போடுவதற்காகச் சமையலறைக் குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. மூடித் திறந்தார். மறுபடியும் காற்று. கடைசியாக ஒரே ஒரு சொட்டு, வரலாமா வேண்டாமா என்று யோசித்து, பாத்திரத்தில் விழுந்தது.

பின்வாசலில் என் கணவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். உடம்பெல்லாம் அரப்பு வாசம். முகத்தில் நல்ல தெளிச்சி. கொடியில் அவருடைய நான்கு சட்டைகளும் இரண்டு லுங்கிகளும் சொட்டிக்கொண்டிருந்தன. கொடிக்கு அந்தப்பக்கம் பத்தடி தள்ளி, கால்வாய் கரை தளும்பப் போய்க்கொண்டிருந்தது.

சேச்சி குழாயைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"மோளே, நீலத் தொட்டித் தண்ணியிலயா குளிச்சது?"

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. நான் அந்த ஊருக்கு ஒரு காரியமாகப் போயிருந்தேன். அது இந்த ஒரு குளியலோடு கெட்டது என்றே நினைத்தேன்.

காலண்டர் படம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் மாமியாரின் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு, வீட்டில் மூன்று நாள் சாம்பார் கிடையாது. இந்த வாரம் அவருடைய மகனைப் பற்றி. என்ன கிடைக்காமல் போகுமோ, பார்ப்போம்.

சில வருடங்களுக்கு முந்தைய மழைக்காலம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். கணவர் பெயர் தங்கராசு. எங்கள் பக்கம் பெண்டாட்டி வாயால் புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை. கையால் எழுதலாமா என்று யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

அப்போது அவர் ரிக் வண்டியில் இருந்தார். போர்வெல் போடும் லாரியைத்தான் ரிக் என்பார்கள். திருச்செங்கோட்டைச் சுற்றியிருக்கும் ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது அந்த வேலையில் இருப்பார். வண்டி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று எங்கெங்கோ போகும். பத்து மாதம் ஆள் வீட்டில் இருக்கமாட்டார். வடக்கே மழை பிடித்தால் ஊருக்கு வருவார்கள், மழை விட்டதும் வண்டிக்குப் பூசை போட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

நான் ஆத்தூர்க்காரி. நாமக்கல்லில் ஹாஸ்டலோடு இருக்கும் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். எல்லாச் சொல்லின் வாலிலும் ஒரு 'ங்க' போட்டுப் பேசுவதற்கு எனக்கு ஆறு மாதம் பிடித்தது. இரண்டு மாதம் சேர்ந்தும் பத்து மாதம் தனியாகவும் வாழ்வதற்குப் பழக இரண்டு வருடம் போதவில்லை.

அவர் போன இடங்களிலிருந்து வீடியோ அனுப்புவார். ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். புழுதிக் காடு, சுற்றிலும் ஜனம், காதைப் பிளக்கும் கம்ப்ரசர் சத்தம். திடீரென்று குழாயைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் தண்ணீர் பீறிட்டு எழும். யாரோ ஒரு பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்து, அந்தத் தண்ணீருக்குக் குங்குமம் வைத்துக் கும்பிடுவாள். கீழே இவர் எழுதியிருப்பார்: "நல்ல தண்ணி."

எங்கள் தெருவில் குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுவார்கள். பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் குடம் குடமாகத் தூக்கி ஊற்றிவிட்டு, ஈரப் புடவையோடு நின்று அந்த வீடியோவைப் பார்ப்பேன். எனக்குக் கோபம் வரும். வரக்கூடாதுதான், வரும்.

அவருடைய பங்காளி ஒருவர் திருச்செங்கோட்டில் நீர்மூழ்கி மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். "கூட வந்து இருடா, ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு" என்று வருடா வருடம் கூப்பிடுவார். வருடா வருடம் ஒரு காலண்டரும் தருவார். எங்கள் கல்யாண வருடக் காலண்டரில் ஒரு கால்வாய், இரண்டு பக்கமும் தென்னை, நடுவில் ஒரு படகு. கீழே ஆலப்புழை என்று போட்டிருந்தது. கல்யாணமான புதிதில் அந்தப் படத்தைக் காட்டி, "ஒருக்கா இங்க போலாம் புள்ள" என்று சொல்லியிருந்தார். வருடம் முடிந்தும் நான் அந்தக் காலண்டரைக் கழற்றவில்லை.

கேட்கக் கூடாத ஒன்று

ரிக்காரர் வீடுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வண்டிக்குப் பூசை போட நாள் குறித்துவிட்டால், வீட்டுப் பெண்கள் "போகாதீங்க" என்று வாயைத் திறக்கக்கூடாது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும் வரைக்கும் முகத்தைச் சிரித்த மாதிரியே வைத்திருக்க வேண்டும். எங்கேயோ பாறையில் துளை போடும் பிட் மாட்டிக்கொண்டால்கூட, "ஊட்ல என்ன சொல்லீட்டு வந்த?" என்றுதான் முதலில் கேட்பார்களாம்.

அந்த வருடம் பூசை திங்கட்கிழமை என்று பேச்சு. முந்தின நாள் மேனேஜர் போன் செய்து யார் யார் வருகிறார்கள் என்று கேட்பார். இவர் "வாரேன்" என்றால் முடிந்தது, அடுத்த மழை வரைக்கும் எனக்கு வீடியோதான்.

அதற்கு முன்னால், மாமியார் காதில் விழாத இடமாகப் பார்த்து, "இங்கேயே இருங்க, மோட்டார் கடைக்குப் போங்க" என்று கேட்டுவிட வேண்டும். இதுதான் நான் கொண்டுபோன காரியம். மூன்று வாரமாக மனசுக்குள் எழுதி எழுதி ஒப்பித்து வைத்திருந்தேன். அத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றால், பயம். கேட்டும் அவர் போய்விட்டால் அப்புறம் நான் எந்த முகத்தோடு காத்திருப்பது?

சனிக்கிழமை பள்ளிக்கு லீவு விழுந்தது. "காலண்டர் ஊருக்குப் போலாமா?" என்றேன். மழைக்காலத்தில் அங்கே அறை வாடகை பாதிதான் என்று சக டீச்சர் ஒருத்தி சொல்லியிருந்தாள். மாமியார் புளிச்சோறும் இருபது அவித்த முட்டையும் கட்டிக்கொடுத்து, "பத்தரமாப் போயிட்டு வாங்க சாமி, தண்ணிக்குள்ள எட்டிப் பாக்காதீங்க" என்றார். ஈரோட்டில் ஏறி, முன்பதிவில்லாத பெட்டியில் பையின் மேல் உட்கார்ந்து போனோம்.

அடிக்கணக்கு

காலையில் ஆலப்புழையில் இறங்கியதும் படகு வீடு ஒன்றுக்கு விலை கேட்டார். சொன்னார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எம்பது அடி ஓட்டற காசு கேக்கறாங்க புள்ள" என்றார்.

அவருக்கு எல்லா விலையும் அடிதான். துளை போட அடிக்கு இவ்வளவு என்று வாங்கிப் பழகியவர். சாப்பாடு ஓரடி, என் புடவை பத்தடி. எங்கள் கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த வாடகையில் இரண்டு போர் போட்டிருக்கலாம் என்று தாலி கட்டிய மறுநாளே சொன்னவர். அரசாங்கப் படகுக்கு டிக்கெட் விலையைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "கால் அடிகூட இல்ல! நாளைக்கு அதுலயே சுத்தலாம்."

கம்ப்ரசர் பக்கத்திலேயே பத்து மாதம் நிற்கும் ஆளுக்கு மெதுவாகப் பேச வராது. படகுத்துறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தங்கியது லீலா சேச்சியின் வீட்டில். கால்வாய்க் கரையில் ஓட்டு வீடு, அதில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். கோயமுத்தூரில் நர்ஸாக இருந்தவர், அதனால் தமிழ் பேசுவார். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை.

காலைச் சாப்பாட்டுக்குக் கப்பையும் முட்டைக் கறியும் வைத்தார். கப்பை என்றால் மரவள்ளிக் கிழங்கு, ஆத்தூரில் எங்கள் அப்பா வாழ்நாளெல்லாம் ஜவ்வரிசி ஆலைக்கு லோடு ஏற்றிய கிழங்கு. முட்டை எந்த ஊர் என்று இவர் விடாமல் கேட்டார். "நாமக்கல் முட்டைதான், வேற எங்கே?" என்றார் சேச்சி. பையில் மாமியார் கொடுத்ததில் இன்னும் பதினோரு முட்டை பாக்கி இருந்தது. இவ்வளவு தூரம் ரயிலேறி வந்து இவர் பிறந்த ஊரையும் நான் பிறந்த ஊரையும் தட்டில் வைத்துத் தின்றோம்.

இவருக்கு ஏகப்பட்ட பெருமை. "நம்மூரு இல்லாட்டி இவிங்களுக்குச் சோறே எறங்காது புள்ள!"

நீலத் தொட்டி

சேச்சி ரேஷன் கடைக்குக் கிளம்பும்போது வாசலிலிருந்தே, "குளிக்க, துவைக்கக் கறுப்புத் தொட்டி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எங்கள் காதில் விழவும் செய்தது.

பின்புறம் இரண்டு தொட்டி. பெரியது கறுப்பு, சின்னது நீலம். கறுப்புத் தொட்டிக் குழாயைத் திறந்தால் பழுப்பாக, துருவாசத்தோடு தண்ணீர் வந்தது. "அடைச்சுக் கெடக்குதாட்ட இருக்குது" என்று ரிக் ஆள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நீலத்தைத் திறந்தார். கண்ணாடி மாதிரி வந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை. ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். அவர் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ரிக்கில் இருக்கும்போது ஒரு வாளியில் மூன்று பேர் குளிப்பார்களாம். அதனால் நான் ஊரிலிருந்தே நல்லெண்ணெயும், எண்ணெய் போகத் தேய்க்கும் அரப்புத் தூளும் கொண்டுபோயிருந்தேன். ஆளை நல்ல மனசாக்கிவிட்டுக் கேட்கலாம் என்ற கள்ளத்தனமும் அதில் இருந்தது.

அரப்பு தேய்த்தவர்களுக்குத் தெரியும். முடியிலிருந்து அது போவதற்கு வாளி வாளியாக ஊற்ற வேண்டும். நான் ஊற்ற ஊற்ற, அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போதுமாங்க?"

"ஊத்து புள்ள. தண்ணி ஊரு. தீரவா போவுது?"

நானும் நம்பினேன். எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் செடிக்குப் போகும், பாத்திரம் அலசிய தண்ணீர் வாசலுக்குப் போகும். ஒரு டம்ளர் தண்ணீரைக் கீழே கொட்டினால் மாமியார் நாள் முழுக்கப் பேசுவார். அந்த வீட்டில் வாழும் நாங்கள் இரண்டு பேரும், சுற்றிலும் தண்ணீரைப் பார்த்த தைரியத்தில், குழாயை மூடாமலே துணியும் துவைத்தோம். கிரீஸ் வாசம் போகும் வரை நான்கு சட்டைகளையும் அலசினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

இப்போது சேச்சியின் சமையலறைக்குத் திரும்புகிறேன். நீலத் தொட்டியில் இருந்தது குடிதண்ணீர். ஊரைச் சுற்றிக் கால்வாய் இருந்தாலும் அதை வாயில் வைக்க முடியாது. நிலத்தடித் தண்ணீர் உப்பும் இரும்பும். குடிக்கிற தண்ணீர் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதே பெரிசு, அதிலும் அந்த வாரம் எங்கேயோ குழாய் உடைந்து திங்கட்கிழமைதான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகச் சேர்த்து வைத்திருந்த தண்ணீரைத்தான் நாங்கள் தலையில் ஊற்றிக்கொண்டோம்.

இவர் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "என்ற ஊட்ல ஒரு சொட்டு வீணாக்க மாட்டேனுங்க அக்கா" என்றார்.

சேச்சி திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டார். "சாரமில்ல, போகட்டும். அக்கரையில மெஷின் இருக்கு, காசு போட்டா நல்ல தண்ணி வரும். மழை கொஞ்சம் குறையட்டும், போயிப் பிடிச்சுட்டு வரலாம்."

மஸ்கட்டிலிருந்து போன்

மழை குறையக் காத்திருந்தபோது சேச்சிக்கு வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிட்டார். சேச்சி போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். மழையைக் காட்டினார், குலை தள்ளிய வாழையைக் காட்டினார், கொடியில் தொங்கிய என் கணவரின் லுங்கிகளைக் காட்டிக் காலி தொட்டியின் கதையைச் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஒரு மனுஷன் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

அப்புறம் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டார்கள். ஆச்சு, ஆச்சு என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் போனை வைக்கவில்லை. சேச்சி வாசல்படியில் உட்கார்ந்து போனை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தார். வீட்டுக்காரர் அங்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பேச்சில்லாத நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அப்படித்தான் விடைத்தாள் திருத்துவேன். திரும்பிப் பார்த்தேன். என் கணவரும் தூணில் சாய்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வள்ளத்தில்

சேச்சியின் சின்ன வள்ளத்தில் காலி கேன்களை அடுக்கிக்கொண்டு மூன்று பேரும் போனோம். சேச்சி துடுப்புப் போட்டார். தூறல் விடவில்லை. ஆகாயத்தாமரையை விலக்கிக்கொண்டு வள்ளம் போனது. டீசலும் ஈரத் தென்னை நாரும் கலந்த ஒரு வாசம்.

இவர் சும்மா இருக்கமாட்டாமல், "போர் போட்டுப் பாத்தீங்களா அக்கா? எத்தன அடி ஓட்டுனாங்க?" என்றார்.

"அடியெல்லாம் யாருக்குத் தெரியும்? உப்புன்னு தெரியும்."

அக்கரையில் மெஷினில் காசு போட்டுக் கேன்களை நிரப்பினோம். சேச்சி பக்கத்துக் கடைக்கு டீத்தூள் வாங்கப் போனார். படித்துறையில் பாசி வழுக்கியது. பழக்கத்தில் நான் குனிந்து ஒரு கேனைத் தூக்கினேன்.

இவர் வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வாங்கியவர் படியில் இறங்காமல் அப்படியே நின்றார்.

"ஏம்புள்ள, நம்மூட்ல தண்ணி வந்தா எத்தன கொடம் தூக்குவ?"

"இருபத்தஞ்சு, முப்பது இருக்கும்."

"ஊரு ஊராப் போயி ஆரார் ஊட்டுக்கோ தண்ணி எடுத்துக் குடுத்தேன். உன்ற கொடத்த ஒரு நாளைக்குத் தூக்கியிருக்கனா?"

அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்று வாரம் ஒப்பித்தது, மோட்டார் கடை, பங்காளி, வருமானம், எல்லாம் எனக்கு மறந்துபோனது.

"இருங்க," என்றேன். "போகாதீங்க. இருங்க."

அதற்குள் சேச்சி டீத்தூளோடு வந்துவிட்டார். இவர் கேன்களை ஒவ்வொன்றாக வள்ளத்தில் இறக்கினார். திரும்பி வந்ததும் அத்தனையையும் தானே சுமந்து நீலத் தொட்டியில் ஊற்றினார். இன்னொரு நடையும் போய் வந்தார். அன்றைக்கு முழுக்க அவர் பதில் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் படகு

மறுநாள் அரசாங்கப் படகில் ஏறினோம். சின்னப் பிள்ளைகள், மீன் கூடை, குடைகள். படகு வீட்டுக்காரர்கள் பார்க்கும் அதே தண்ணீரைத்தான் நாங்களும் பார்த்தோம். அடைக்கோழி மாதிரி வரப்புக்கு உள்ளே தாழ உட்கார்ந்திருந்த வயல்கள், வீட்டு வாசலில் வள்ளம் கட்டியிருக்கும் படிகள். காலண்டரில் இருந்த இடம் இதுதான் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நான் நினைத்தேன்.

நடுவழியில் அவர் போன் அடித்தது. மேனேஜர்.

எனக்கு ஜன்னல் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் போனைக் காதில் வைத்து ஏதோ சொன்னார். என்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை, மேனேஜருக்கு எப்படிக் கேட்கும்? எழுந்து நின்றார். கம்ப்ரசருக்கு மேலே பேசிப் பழகிய குரலை எடுத்தார்.

"நான் வர்லீங்கண்ணா!"

படகில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

"இல்லீங்ண்ணா, ஒடம்பு நல்லாத்தான் இருக்குது! வர்லீங்! இந்த வருசம் நான் வர்லீங்!"

முழுப் படகும் திரும்பியது. என்ஜின் பக்கத்தில் இருந்தவர்கூடத் தலையை நீட்டிப் பார்த்தார். எதிரே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், அர்த்தம் புரிந்தோ புரியாமலோ, என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். வெட்கமாக இருந்தது, அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"நம்மூட்டுக்குத் தண்ணி எப்ப முறை?"

"புதன்கிழமை."

"நீ பஸ்ஸுக்குப் போ. நான் புடிச்சு வெக்கறேன்."

புதன்கிழமை தண்ணீர் வரவில்லை. வியாழக்கிழமை விடிந்ததும் வந்தது. அண்டா, குடம், வாளி, தூக்குப் போசி எல்லாம் நிரப்பிவிட்டு, இட்லிப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு இதிலும் பிடிக்கலாமா என்று மாமியாரிடம் கத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று அதை வீடியோ எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை, அனுப்ப வேண்டிய ஆள் வீட்டிலேயே இருந்தார்.